முக்கால் என்று கூவிய இயந்திரம்

அச்சகத்தில் அவருக்குப் பெற்றோர் சூட்டிய பெயர் அடையாள அட்டையோடு சரி. வாயிற்காவலர் முதல் முதலாளி வரை எல்லாருக்கும் அவர் கட்டக்கா. பூசினாற்போன்ற குள்ள உருவம் என்பதால் அப்படி அழைக்கிறார்கள் போலும் என்று புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் நினைத்துக்கொள்வதுண்டு. சில நாள் வேலை பார்த்தால் உண்மை விளங்கிவிடும். வெளியிலிருந்து வரும் கோப்பைத் திறந்ததும், எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் வெற்றுக் கட்டங்களோ வாயில் நுழையாத அந்நியக் குறிகளோ வரிசைகட்டி நிற்கும். திறந்தவர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டுக் கூடத்தின் மறுகோடிக்குக் குரல் கொடுப்பார்: “அக்கா, கட்டம் கட்டமா வருது!” அந்தக் குரல் எழுந்து எழுந்து, கட்டமும் அக்காவும் ஒட்டிக்கொண்டு ஒரே பெயராகிவிட்டன.

கட்டக்கா எழுந்து வருவதிலேயே ஓர் ஒழுங்கு உண்டு. முதலில், “யாரும் சேவ் பண்ணலையே?” என்று கேட்பார். இல்லை என்ற பதில் வந்த பிறகே கண்ணாடியை மூக்கில் ஏற்றுவார். அடுத்து, கோப்புக்கு ஒரு பிரதி எடுப்பார். மூலத்தைத் தொடவே மாட்டார். பின்னர், அந்தக் குப்பைக்குள் தமக்கு ஏற்கெனவே தெரிந்த ஒரு சொல்லைத் தேடுவார். பாடநூல் என்றால் முதற்பக்கங்களில் ‘பொருளடக்கம்’ இருந்தே தீரும். ஆண்டறிக்கை என்றால் ‘தலைவர்’ இல்லாமல் போகாது. தெரிந்த சொல் ஒன்று அகப்பட்டுவிட்டால், சிக்கிய நூற்கண்டில் நுனி அகப்பட்டதுபோலத்தான்.

பல்லாண்டுகளாகச் செய்த வேலை, அலுத்திருக்க வேண்டும். அவருக்கோ வியப்பு அடங்கவில்லை. கணினி எழுத்தறியாதது, எண் மட்டுமே அறியும். ‘வ’ என்று நாம் தட்டினால் அது மூன்று எண்களாகத்தான் சேர்த்துவைக்கிறது. மூன்றையும் சேர்த்தே எடுக்க வேண்டும் என்று அறிந்த நிரல் ‘வ’ என்று காட்டும். அறியாத நிரல் ஒவ்வோர் எண்ணையும் தனியோர் எழுத்தாகக் கொண்டு, à®µ என்று மூன்று அந்நியர்களைக் கொண்டுவந்து நிறுத்தும்.

“ஒரு கட்டிலை மூணு பேர் தூக்கிட்டு வர்றாங்கன்னு வைங்க. வாசல்ல நிக்கிறவரு கண்ணுக்குக் கட்டில் தெரியல. மூணு விருந்தாளி வந்திருக்காங்க, மூணு நாற்காலி போடுங்கங்கிறாரு. கட்டில் எங்கயும் போகல, வாசல்லயேதான் இருக்கு!” என்பார் கட்டக்கா. தொலைந்துபோனதாக எல்லாரும் தலையில் கைவைத்த ஒன்று, உள்ளே ஓர் எண்கூடக் குறையாமல் நின்றுகொண்டிருக்கிறது என்பதை எத்தனை முறை கண்டாலும் அவருக்கு மெய்சிலிர்க்கும்.

அவருடைய அண்ணன், காய்கறிச் சந்தையில் ஏலக்காரர். சந்தைக்குள் நுழையுமுன்பே அவர் குரல் காதுக்குள் நுழைந்துவிடும். “வாங்க வாங்க வாங்க!” என்று தொடங்கினால் மூச்சு விடாமல் கூடைமேல் கூடையாகக் கூவித் தள்ளுவார். அவர் கூவலைவிட அவர் செவிதான் பெரிய அதிசயம் என்பார்கள். ஒரே நேரத்தில் இருபுறமும் கூச்சல், வண்டிச் சத்தம், சுமை தூக்குவோரின் ஏச்சுப்பேச்சு; இவற்றுக்கு நடுவே, பின்வரிசையில் ஒருவர் ஏலம் கேட்டு முணுமுணுத்த கேள்விவிலை அவர் காதில் மட்டும் தெளிவாக விழும்.

அப்படிப்பட்டவரை நரம்புநோய் பிடித்தது. முதலில் நா தடித்தது. பின்பு குரல் போயிற்று. அதன்பின் கைகால்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. எஞ்சியது இடக்கன்னத்தின் ஓர் அசைவு. சக்கர நாற்காலியில் அவர் முகத்தருகே ஒரு சிறு பொத்தானைப் பொருத்தி, எதிரே ஒரு கைக்கணினியை நிறுத்தினார்கள். திரையில் எழுத்துகள் வரிசை வரிசையாக ஒளிரும். வேண்டிய வரிசை ஒளிரும்போது கன்னத்தால் ஒரு தட்டு. அவ்வரிசையில் வேண்டிய எழுத்து ஒளிரும்போது மறுபடியும் ஒரு தட்டு. ஒரு சொல் முடிவதற்குள் அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்துவிடும்.

ஆகவே ஏலக்காரர் ஓர் உபாயம் செய்தார். அடிக்கடி வேண்டிய பேச்சையெல்லாம் முன்கூட்டியே தட்டித் திரையில் பொத்தான்களாக அடுக்கிவைத்தார். ஒரு தட்டில் முழு வாக்கியமும் ஒலிக்கும். நாளெல்லாம் கன்னத்தால் உழைத்து, பல மாதங்களில் சேர்த்த சேமிப்பு அது. ‘தலையணையக் கொஞ்சம் கீழ இறக்கு’, ‘மூச்சு முட்டுது, நிமித்து’ போன்ற அவசரங்கள் அதில் இருந்தன. ‘கொசு காதுல பாடுது, யாராவது கை தட்டுங்க’ இருந்தது. ‘ஒரு தரம்’, ‘ரெண்டு தரம்’, ‘மூணு தரம்’ இருந்தன. விலை சொல்ல எண்களும் தனிப் பொத்தான்களாக இருந்தன. மனைவியைச் சீண்டிவிட்டுத் தப்பிப்பதற்கென்றே ஒன்று இருந்தது: ‘என்ன முறைக்கிற? நான் ஒண்ணும் சொல்லல, மெஷின்தான் சொல்லுச்சு.’ முதல் பொத்தான் ‘வாங்க வாங்க வாங்க!’ வீட்டுக்கு யார் வந்தாலும் அதுதான் வரவேற்பு.

அந்த வீட்டில் ஒரு சட்டமும் இருந்தது. ஒருமுறை ஏலக்காரர் மதியம் முழுதும் தட்டிச் சேர்த்த நீண்ட வாக்கியமொன்று, மின்சாரம் நின்றதும் மாயமாகிவிட்டது. அவர் கண்ணோரம் நீர் வழிந்ததை அவர் மனைவி, கட்டக்காவின் அண்ணி, பார்த்துவிட்டார். மறுநாளே சுவரில் கொட்டை எழுத்தில் ‘சேமி’ என்று ஒட்டினார். அதுமுதல் எந்தத் திரையை மூடினாலும் அண்ணியின் கை முதலில் சேமிக்கும். அதன் பிறகே மூடும். பூட்டிய கதவை ஒருமுறை இழுத்துப் பார்ப்பதுபோல் அது கைப்பழக்கமாகிவிட்டது.

இந்நிலையில் பழைய கைக்கணினியின் மின்கலம் உப்பிப் போயிற்று. விற்ற கடையிலிருந்து பழுதுபார்ப்பவர் ஒருவர் வந்து, வாக்கியங்களை வீட்டுக் கணினியில் ஒரு கோப்பாக இறக்கினார். அங்கிருந்து புதிய கைக்கணினிக்கு ஏற்றினார். பழையதைக் கழிவுக்கென்று எடுத்துச்சென்றார். அவர் படியிறங்கிய பின்பே வீட்டார் திரையைப் பார்த்தார்கள். பொத்தான்கள் அத்தனையும் இடம் மாறாமல் இருந்தன; தமிழ் ஒன்றில்கூட இல்லை. எல்லாம் à®, à®, à® என்று ஒரே அந்நியக் கூட்டம். முதல் பொத்தானைத் தட்டினால், முன்பு “வாங்க” என்ற குரல், “ஏ, பதிவு, மியூ, ஏ, பதிவு, முக்கால்…” என்று குறிகளின் பெயர்களையே வாசித்துப் பிதற்றியது.

பிழைத்தவை எண்கள் மட்டுமே. ஒன்று, இரண்டு, மூன்று என்னும் இலக்கங்களுக்கு எந்த நிரலிலும் ஒரே எண்தான் என்பதால் அவற்றுக்கு ஆபத்து நேரவில்லை. ஏலக்காரர் அன்றிலிருந்து எண்களிலேயே குடித்தனம் நடத்தினார். ஆம் என்பதற்கு ஒன்று; இல்லை என்பதற்கு இரண்டு. அண்ணி மசித்த உணவை ஊட்டியபோது ஒருநாள், “முப்பத்தைந்து” என்றது குரல்.

“பாஸ் மார்க்குதானா? இதுக்கு நான் காலையிலேருந்து நின்னேன் பாருங்க!” என்று அண்ணி சிரித்தார். சமையலறைக்குப் போன பிறகு அழுதார்.

அழுகைக்குக் காரணம் இருந்தது. சந்தையில் புதிய கொட்டகை கட்டி முடித்திருந்தார்கள். சுமை தூக்குவோரின் தலைவர், ‘மூட்டை’ என்று எல்லாரும் அழைக்கும் ஆள், வீட்டுக்கு வந்து நாற்காலிக்கு எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

“அண்ணே, புதுக் கொட்டகையில முதல் கூடையை நீங்கதான் கூவணும். மெஷின்லயே கூவுங்க, மைக்கை அதும் வாயில வைக்கிறோம். நீங்க வராம அங்க ஒரு தக்காளி உருளாது.”

அப்போது பழைய கைக்கணினி உயிரோடு இருந்தது. ஏலக்காரர் ‘வாங்க வாங்க வாங்க’ என்று தட்டி ஒப்புக்கொண்டிருந்தார். இப்போது எழுத்தெழுத்தாகத் தட்டி ஏலம் விட முடியுமா? ‘ஒரு தரம்’ என்று சொல்லி முடிப்பதற்குள் தக்காளி அழுகிவிடும். அவருக்கு அந்த ஒரு காலைப்பொழுது கிடைக்குமா என்பதே வீட்டின் கேள்வியாயிற்று.

அண்ணி ஒரு வாரம் தாமே முயன்றார். நாத்தனாருக்கு அச்சகத்தில் ஆண்டிறுதி நெருக்கடி என்று தெரியும். தொந்தரவு செய்ய மனம் வரவில்லை. வீட்டுக் கணினியில் இருந்த கோப்பை ஒவ்வொரு மாலையும் திறந்து பார்ப்பார், சரியாகியிருக்கிறதா என்று. ஆகியிராது. பெருமூச்சு விட்டுச் சேமிப்பார், மூடுவார். கடைசியில் பொறுக்கமாட்டாமல் தொலைபேசியில் அழைத்தார்.

கட்டக்கா வழக்கப்படியே முதல் கேள்வியைக் கேட்டார். “அண்ணி, யாரும் சேவ் பண்ணலையே?”

“அதெல்லாம் மறப்பேனாம்மா? தினமும் மறக்காம பண்ணிட்டுத்தான் மூடுறேன்!”

மறுமுனையில் கட்டக்கா, கையிலெடுத்த கண்ணாடியை மூக்கில் ஏற்றாமலே மேசைமேல் வைத்தார்.

கோப்பு முதலில் நலமாகவே இருந்திருக்கிறது. திறந்த நிரலுக்குத்தான் தமிழின் மூன்றெண் கணக்கு தெரியவில்லை. அது காட்டிய அந்நியக் குறிகளையே மெய்யென்று எண்ணிச் சேமித்தபோது, ஒவ்வொரு குறியும் மறுபடி இரண்டு மூன்று எண்களாக விரிந்தது. மறுநாள் அவ்வெண்கள் தனித்தனிக் குறிகளாயின, அவையும் சேமிக்கப்பட்டன. உறைக்குமேல் உறை. ஒவ்வோர் உறையும், தனக்குப் பொருந்தாத சில எண்களை ஓசையில்லாமல் உதிர்த்துவிட்டது.

கட்டக்கா கோப்பை அச்சகத்துக்கு எடுத்துச்சென்று, உணவு இடைவேளைகளில் உறைகளை உரித்தார். ஒன்று உரித்தால் உள்ளே இன்னொன்று. கண் எரிய எரிய உரித்து அடித்தளத்தை எட்டியபோது, அங்கிருந்தது செல்லரித்த துணி. அரை வாக்கியம் இங்கே. கால் வாக்கியம் அங்கே. ‘கொச… யாராவ…’ என்று ஒன்று கிடைத்தது. அவர் வாழ்நாளில் முதன்முறையாக, கட்டிலே உடைந்துபோயிருந்தது. “உள்ள எல்லாம் இருக்கு” என்று ஊருக்கெல்லாம் சொன்னவருக்கு, சொந்த அண்ணன் வீட்டில் அதைச் சொல்ல முடியவில்லை.

ஆனால் வெறுங்கையோடு போகவும் மனமில்லை. தாமே புதிய வாக்கியங்களை எழுதி, தட்டச்சு செய்து, ஒரு விடுமுறை நாளில் அண்ணன் வீட்டுக்குப் போனார்.

வாசலிலேயே அண்ணி பிடித்துக்கொண்டார். “உள்ள போயி உங்க அண்ணன் பண்ற கூத்தைப் பாரும்மா. காலையிலேருந்து ராத்திரி வரைக்கும் அந்தப் பாழாப்போன பட்டனை அமுக்கிக்கிட்டே இருக்காரு. அது ‘முக்கால் முக்கால்’னு கத்துது. முதல் ரெண்டு நாள் மெஷினும் ஏலம் போடுதுன்னு சிரிச்சேன். இப்பப் பயமா இருக்கு. மனசு விட்டுப்போச்சோ என்னமோ.”

உள்ளே “ஏ, பதிவு, மியூ” என்று குரல் ஓடிக்கொண்டிருந்தது. தங்கையைக் கண்டதும் நின்றது. கட்டக்கா நாற்காலியை இழுத்து எதிரே போட்டுக்கொண்டு, நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். சேமிப்பதால்தான் கோப்பு கெட்டது என்ற இடம் வந்தபோது, கதவருகே நின்ற அண்ணியின் முகம் வெளுத்தது.

“நானா? நானா கெடுத்தேன்?”

“நீங்க கெடுக்கல அண்ணி. காப்பாத்தத்தான் பார்த்தீங்க” என்றார் கட்டக்கா. அண்ணியோ சுவரில் இருந்த ‘சேமி’யைக் கிழித்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

பேச்சை மாற்ற எண்ணிய கட்டக்கா புதிய வாக்கியங்களைப் படித்துக்காட்டினார். “கேளுங்க அண்ணே. ‘தயவுசெய்து தலையணையைச் சற்றுத் தாழ்த்தவும்.’”

“இரண்டு” என்றது குரல்.

“சரி, இது? ‘கொசுத்தொல்லை மிகுதியாக உள்ளது.’”

“இரண்டு.”

“ஏலத்துக்கு எழுதினது நல்லா இருக்கும். ‘வணிகப் பெருமக்களே, வருக!’”

ஏலக்காரர் எண்ணைத் தொடவில்லை. முதல் பொத்தானைத் தட்டினார். “ஏ, பதிவு, மியூ, ஏ, பதிவு, முக்கால்…” என்று இயந்திரம் முழு மூச்சில் பொழிந்தது. அதைவிடக் காரமான விமரிசனத்தைக் கட்டக்கா அதுவரை கேட்டதில்லை. சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கியது. “வேற வழி இல்லண்ணே. பழசு போயிருச்சு” என்றார்.

அப்போது ஏலக்காரர் எழுத்துப் பலகைக்குப் போனார். வரிசை ஒளிர்ந்தது, கன்னம் அசைந்தது. மறுபடி ஒளிர்ந்தது, மறுபடி அசைந்தது. இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்திருந்தார்கள். ஒரு சொல் நின்றது: ‘கேளு’.

“கேட்டுக்கிட்டுத்தானே இருக்கேன்!”

மீண்டும் முதல் பொத்தான். மீண்டும் அதே பிதற்றல். இம்முறை கட்டக்கா கண்களை மூடிக்கொண்டார். ஆண்டாண்டாக இந்தக் குப்பையைக் கண்ணால் பார்த்தவரே ஒழிய, காதால் கேட்டவரல்லர். திரையில் அது ஒரு சந்தைக் கூட்டம். எங்கே பார்ப்பதென்று கண்ணுக்குத் தெரியாது. காதுக்கு அது வேறாக இருந்தது.

ஏ, பதிவு, மியூ. ஏ, பதிவு, முக்கால். ஏ, பதிவு, வணிகக்குறி. ஏ, மேற்கோடு, — அங்கே ஒரு மௌனம். ஏ, பதிவு, பொட்டு.

மும்மூன்றாக. ஒவ்வொரு மூன்றிலும் முதலிரண்டும் பல்லக்குத் தூக்கிகள்போல ஓரிடம் தவிர மாறாமல் வர, மூன்றாவது மட்டும் மாறிக்கொண்டே போயிற்று. ஐந்து மூன்றுகள் முடிந்ததும் ஓர் இடைவெளி. பிறகு அதே மியூ, அதே முக்கால், அதே வணிகக்குறி, அதே மௌனம், அதே பொட்டு. மூன்றாம் முறையும் அப்படியே.

கட்டக்கா கண்ணைத் திறந்தார். உடல் முழுதும் புல்லரித்திருந்தது. “வாங்க, வாங்க, வாங்க” என்றார் மெல்ல.

“ஒன்று” என்றது குரல்.

அவர் அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏலக்காரருக்கு எந்தப் பொத்தானில் எந்த வாக்கியம் இருந்தது என்பது இடத்தோடு மனப்பாடம். தெரிந்த சொல்லை வைத்துக்கொண்டு குப்பைக்குள் நுனி தேடுவது எதுவோ, அதையே அவர் கண்ணால் அல்லாமல் காதால் செய்திருக்கிறார். வீட்டார் பைத்தியம் என்று அஞ்சிய அத்தனை நாளும், சந்தைக் கூச்சலுக்கு நடுவே ஒற்றைக் கேள்விவிலையைப் பொறுக்கிய அதே செவியால், அந்தப் பிதற்றலைத் தட்டித் தட்டிப் பிரித்திருக்கிறார். கன்னம் மறுபடி அசையத் தொடங்கிற்று. திரையில் இரண்டே சொற்கள் ஊர்ந்து வந்தன: ‘முக்கால் ஆ’.

‘வா’ என்பதிலுள்ள நெட்டுயிர்க் குறிக்கு உரிய எண்ணைத்தான் அந்த நிரல் முக்கால் என்று படித்துக்கொண்டிருந்தது. அச்சகத்தில் அதற்கென்று ஒரு பெரிய அட்டவணை உண்டு; அதைப் பாராமல் கட்டக்காவாலேயே சொல்லியிருக்க முடியாது.

“அண்ணே…” என்றார்.

அண்ணிக்கு ஒன்றும் புரியவில்லை. “என்னம்மா ஆச்சு? ஏன் ரெண்டு பேரும் இப்படி முழிக்கிறீங்க?”

“அண்ணி, மூணு மூணா வருது! அப்படின்னா ஒரே ஒரு உறைதான். நீங்க திறந்து திறந்து மூடினது கம்ப்யூட்டர்ல இருந்த ஃபைலை. இந்த டேப்லெட்ல ஏத்தினது முதல் நாளே ஏத்தினது. இதுக்குள்ள யாரும் கை வைக்கல. நான் ஒரு மடச்சி, அந்த ஃபைலையே கட்டிக்கிட்டு அழுதேனே ஒழிய, இது என்ன சொல்லுதுன்னு காது குடுத்தேனா? எல்லாம் இதுக்குள்ளயே இருக்கு!”

“எல்லாமா?”

“எல்லாமும்!”

அண்ணி மடியிலிருந்த காகிதத்தை மறந்து எழுந்தார். “அப்போ சேவ் பண்ணட்டுமா?”

“ஐயோ, தொடாதீங்க!” என்று கட்டக்கா கத்திய வேகத்தில், “இரண்டு, இரண்டு, இரண்டு” என்று இயந்திரமும் கத்தியது. வீட்டில் மூவரும் பல நாளுக்குப் பிறகு ஒன்றாகச் சிரித்தார்கள். மூவரில் ஒருவர் சிரிப்பு கன்னத்தில் மட்டும் தெரிந்தது.

அன்றே கட்டக்கா கைக்கணினியின் உள்ளடக்கத்தை இணைப்புவடம் போட்டுத் தம் கணினிக்குப் பிரதி எடுத்தார், மூலத்தைத் தொடவில்லை. அந்நியக் குறிகளை எண்களாக மாற்றி, எண்களை மும்மூன்றாகச் சேர்க்கும்படி நிரலுக்குச் சொன்னார். பொத்தானைத் தட்டிய கணத்தில், திரையில் மேலிருந்து கீழாகத் தமிழ் எழுந்து வந்தது. மூடுபனி விலகும்போது கரையிலிருந்து ஒவ்வொரு மரமாகத் தெரிவதுபோல், தலையணை, கொசு, மூச்சு, முறைப்பு என்று வரிசையாக வந்து நின்றன. அண்ணி ஒவ்வொன்றையும் உரக்கப் படித்தார். படித்ததற்கெல்லாம் “ஒன்று” என்று முத்திரை விழுந்தது.

ஒரே குறை, அந்த மௌனங்கள். மெய்யெழுத்தின் புள்ளிக்கும் உகரக் குறிக்கும் உரிய கடைசி எண்கள், அந்த நிரலின் கணக்கில் எந்த எழுத்துக்கும் சொந்தமில்லாதவை. ஆகவே இரண்டும் ஒரே வெற்றிடமாக நின்றன. பெரும்பாலான இடங்களில் இன்னது என்று மொழியே காட்டிக்கொடுத்தது. ஐயம் எழுந்த சில இடங்களில் கட்டக்கா இரண்டு விதமாகவும் படித்துக்காட்ட, ஏலக்காரரே எண்ணால் தேர்ந்தெடுத்தார். கட்டக்காவுக்கு அந்தப் பிற்பகல் முழுதும் ஒரு நினைவே திரும்பத் திரும்ப வந்தது: இவற்றில் ஒவ்வோர் எழுத்தும் அண்ணனின் கன்னம் இருமுறை அசைந்ததன் விளைவு. அச்சகத்தில் தாம் ஒரே மூச்சில் தட்டிவிட்டுப் போகும் ஒரு வரிக்குள், இங்கே ஒரு பொழுதே அடங்கியிருக்கிறது. மலையை ஊசியால் குடைந்தவர்போல, இந்த மனிதர் தம் பேச்சைத் தாமே குடைந்து எடுத்திருக்கிறார்.

சரிசெய்தவற்றைக் கைக்கணினியில் ஏற்றும்போது, கடைசிப் பொத்தானில் ஏலக்காரர் தடுத்தார். “இரண்டு.”

“இது எதுக்குண்ணே? இதுலயும் முதல் பட்டன்ல இருந்த அதே குப்பைதானே, மாத்திடுறேன்.”

“இரண்டு.”

“பிடிவாதத்துல மட்டும் நோய் வரல பாரு” என்றார் அண்ணி. அந்த ஒரு பொத்தானை அப்படியே விட்டுவிட்டார்கள்.

புதிய கொட்டகையில் விடிந்தும் விடியாத வெளிச்சம். தகரக் கூரையின்கீழ்க் கூடைகளும் தள்ளுவண்டிகளும் நெருங்கி நின்றன. மூட்டையும் அவர் ஆட்களும் சக்கர நாற்காலியை மேடைமேல் ஏற்றி, ஒலிவாங்கியைக் கைக்கணினியின் முன்னே நிறுத்தினார்கள். சுற்றிலும் வழக்கமான இரைச்சல். பாதிப் பேருக்கு இது ஒரு மரியாதைச் சடங்கு. முடிந்ததும் உண்மையான ஏலம் தொடங்கும் என்ற எண்ணம் அவர்கள் முகத்திலேயே தெரிந்தது. மேடையோரத்தில் கட்டக்காவும் அண்ணியும் ஒருவர் கையை ஒருவர் இறுகப் பற்றியிருந்தார்கள்.

கன்னம் அசைந்தது.

“வாங்க வாங்க வாங்க!”

செய்தி வாசிப்பவர் போன்ற அதே இயந்திரக் குரல்தான். ஆனால் சொல் ஏலக்காரருடையது. பின்வரிசையில் யாரோ, “அண்ணன் வந்துட்டாருடா!” என்று கூவினார்கள். முதல் தக்காளிக் கூடை மேடைக்கு வந்தது. கேள்விகள் நாலாபுறமும் எழுந்தன. எழுந்த ஒவ்வொரு விலையையும், வலப்பக்கம், இடப்பக்கம், தூணுக்குப் பின்னால் என்று எங்கிருந்து வந்தாலும், இயந்திரம் பிசகாமல் திருப்பிச் சொல்லி மேலே ஏற்றிற்று. யார் கேட்டது என்று அவர் தலை திரும்பவில்லை, திரும்பவும் இயலாது. செவியே எல்லாப் பக்கமும் சுழன்றது. “ஒரு தரம்” என்று குரல் எழுந்தபோது, சந்தை தன் வாழ்நாளில் அறியாத ஓர் அமைதி அங்கே இறங்கியது. மூட்டை தலைத்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

இரண்டாம் கூடைக்கு ஒரு வியாபாரி, மரியாதைக்கூட்டம் என்ற துணிச்சலில், வாய்கூசாமல் அடிமாட்டு விலைக்குக் கேட்டார். ஏலக்காரரின் கண்கள் திரையின் கடைசிப் பொத்தானுக்குப் போவதைக் கட்டக்கா கண்டார். அவருக்குச் சட்டென்று எல்லாம் விளங்கிவிட்டது. கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

“ஏ, பதிவு, மியூ! ஏ, பதிவு, முக்கால்! ஏ, பதிவு, வணிகக்குறி! ஏ, மேற்கோடு!” என்று ஒலிபெருக்கி முழங்கிற்று. தகரக் கூரை அதிர்ந்தது. கேட்டவர் இரண்டடி பின்வாங்கினார். அது என்ன வசவென்று யாருக்கும் தெரியவில்லை. வசவு என்பதில் மட்டும் யாருக்கும் ஐயமில்லை.

“என்ன… என்ன அண்ணே சொன்னீங்க?” என்றார் அவர் நடுங்கிய குரலில்.

கன்னம் ஒருமுறை அசைந்தது.

“என்ன முறைக்கிற? நான் ஒண்ணும் சொல்லல, மெஷின்தான் சொல்லுச்சு.”

கொட்டகை வெடித்துச் சிரித்தது. அண்ணி சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். அந்த வாக்கியம் இதுவரை அவர் ஒருவருக்கே சொந்தமாக இருந்தது. சிரிப்பு அடங்குமுன்பே அந்த வியாபாரி அவசர அவசரமாக விலையை உயர்த்தினார். தூணுக்குப் பின்னால் இன்னொருவர் அதற்கும் மேலே ஏதோ முணுமுணுத்தார். மேடையோரம் நின்ற கட்டக்காவுக்கு அது கேட்கவேயில்லை. இயந்திரம் அதை அட்சரம் பிசகாமல் எடுத்துச் சொன்னது. உடனே, “ஒரு தரம்” என்றது.